வரிசை அறிதல்

2016ஆம் ஆண்டு ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சேலையூரில் இருக்கும் நம் வீட்டுக்கு முன்னாள் மாணவி ஒருவர் வந்தார். வெகுநாள் கழித்து ஆசிரியரைப் பார்க்க வருகிறவர்கள் பழமோ இனிப்போ கொண்டுவருவது வழக்கம். அவர் இரண்டு தடித்த கோப்புகளைக் கொண்டுவந்திருந்தார்.

பன்னாட்டு மனிதநேய நிறுவனம் ஒன்றின் சென்னை அலுவலகத்தில், பணியாளர் பிரிவில் அவருக்கு வேலை. போர், வெள்ளம், கொள்ளைநோய் என்று எங்கே இடர் நேர்ந்தாலும் அரிசியும் மருந்தும் தார்ப்பாயும் ஏற்றிக்கொண்டு போகிற நிறுவனம். பெயர் இங்கே தேவையில்லை. அந்த நிறுவனம் உலகெங்கும் தன்னிடம் உள்ள வேலைகளையெல்லாம் ஒரே ஏணியில் வைத்துப் பார்க்க முடிவு செய்திருந்தது. எந்த வேலை எந்தப் படியில் நிற்கும், ஏன் நிற்கும் என்று ஒவ்வொரு பணியாளருக்கும் அவரவர் மொழியில் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டிலும் வட இலங்கையிலும் இருந்த பணியாளர்களுக்காகத் தமிழ் வடிவம் ஒன்று வேண்டியிருந்தது.

"நீங்கதான் எழுதித் தரணும்மா. ஆனா அகராதித் தமிழ் வேண்டாம். டிரைவர் படிச்சா டிரைவருக்குப் புரியணும்" என்றார்.

தமிழாசிரியருக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை தேவையில்லை. ஒப்புக்கொண்டோம். இரண்டு வாரத்தில் முடியும் என்று நினைத்த வேலை மார்கழி வரை நீண்டது. அந்த ஐந்து மாதங்களில் நாம் கற்றுக்கொண்டதைத்தான் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

*

முதலில் இந்த ஏணி எதற்கு என்று கேட்டோம். அவர் சொன்ன உதாரணம் எளிமையானது. ஒரு நாட்டு அலுவலகத்தில் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவர் ஐந்தாம் படியில் இருக்கிறார். இன்னொரு நாட்டில் அதே அளவு கிடங்கை, அதே எண்ணிக்கை மூட்டைகளோடு பார்த்துக்கொள்கிறவர் மூன்றாம் படியில் இருக்கிறார். முதலாமவருக்கு 'அலுவலர்' என்று பெயர், இரண்டாமவருக்கு 'உதவியாளர்' என்று பெயர். ஏன் இப்படி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அந்தந்த அலுவலகம் திறந்த காலத்தில், அவசரத்தில், யாரோ ஒருவர் இட்ட பெயர்கள் அவை. இடர் நடந்த இடத்துக்கு முதல் வாரத்தில் ஓடிப்போய் ஆளெடுக்கிறவர்கள் பெயரைப் பற்றி யோசிப்பதில்லை. யோசிக்காமல் இட்ட பெயர் பத்தாண்டு கழித்தும் சம்பளச் சீட்டில் நிற்கிறது.

இதைச் சரிசெய்வதற்கு உலகில் பல முறைகள் உண்டு. எட்வர்ட் ஹே என்ற அமெரிக்கர் 1943இல் ஃபிலடெல்ஃபியாவில் நிறுவனம் தொடங்கிப் பரப்பிய முறை அவற்றுள் புகழ்பெற்றது. ஒரு வேலைக்கு என்ன அறிவு வேண்டும், அதில் எவ்வளவு சிக்கலைத் தானே யோசித்துத் தீர்க்க வேண்டும், அதன் விளைவுக்கு எவ்வளவு பொறுப்பு ஏற்க வேண்டும் என்ற மூன்றையும் எடைபோட்டு மதிப்பெண் இடுவது அது. முறைகள் வேறுபட்டாலும் எல்லாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்றுண்டு. எடை போடப்படுவது நாற்காலிதான். அதில் அமர்ந்திருப்பவர் கெட்டிக்காரரா, நேர்மையானவரா, இருபது ஆண்டு உழைத்தவரா என்பதெல்லாம் தராசுக்குள் வரக்கூடாது.

நிற்க. மொழிபெயர்ப்பில் முதல் சொல்லிலேயே தடுக்கியது. 'கிரேடு' என்பதற்கு என்ன எழுதுவது?

'தரம்' என்பதுதான் முதலில் நாவில் வந்தது. நம் அரசு ஊழியர்களுக்கு ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு 'தர ஊதியம்' பழகிய சொல். இலங்கையிலோ பள்ளி வகுப்புக்கே தரம் என்றுதான் பெயர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவது தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை. அங்கே அந்தச் சொல்லில் முள் இல்லை. இங்கே உண்டு. 'உன் தரம் இரண்டு' என்று ஒருவருக்குக் கடிதம் போனால், தாம்பரத்து மனிதர் அதைத் தம் வேலையின் எடை என்று படிக்க மாட்டார். தரங்கெட்டவன் என்ற வசை எங்கிருந்து வந்ததோ அங்கேதான் அந்தக் கடிதமும் போய்ச் சேரும்.

'படி' நல்ல சொல். ஏணியின் படியும் அதுதான், நெல் அளக்கும் படியும் அதுதான். ஆனால் பஞ்சப்படி, பயணப்படி என்று ஏற்கெனவே சம்பளச் சீட்டில் அது உட்கார்ந்துவிட்டது. 'நிலை' என்றால் 'கடைநிலை ஊழியர்' நினைவுக்கு வருகிறார். எத்தனை இயல்பாக அந்தத் தொடரை எழுதிவருகிறோம்! ஒரு மனிதரின் வேலையைச் சொல்லும்போதே அவரைக் கடைசியில் நிறுத்திவிடுகிற தொடர் அது.

ஓட்டுநர் இங்கே ஓட்டுநர், வவுனியாவில் சாரதி. கிடங்கு அங்கே களஞ்சியம். ஒரே மொழிக்குள்ளேயே ஒரு வேலைக்கு இரண்டு பெயர் என்றால், நாற்பது மொழிகளில் வேலை பார்க்கிற நிறுவனத்தின் நிலையை நினைத்துப் பாருங்கள். இறுதியில் 'பணிநிலை' என்று எழுதினோம். சுவையற்ற சொல்தான். ஆனால் பணியின் நிலை என்று விரிவதால் ஆளைத் தொடாமல் போகிறது.

*

இந்தத் தேடலின்போது கபிலர் குறுக்கே வந்தார். புறநானூற்றின் 121ஆம் பாட்டில் அவர் மலையமான் திருமுடிக்காரியிடம் சொல்வதை முதுகலை வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறோம். நாலா திசையிலிருந்தும் பரிசிலர் வருவார்கள், அள்ளிக்கொடுப்பது எளிது, ஆனால் அவரவர் வரிசை அறிவதுதான் கடினம், ஆகவே புலவர்களை எல்லாம் ஒரே பார்வையில் பார்ப்பதை விட்டுவிடு என்பது அதன் கருத்து. வள்ளுவரும் சுற்றந்தழால் அதிகாரத்தில் ஏறக்குறைய இதையே சொல்கிறார். அதிகமான் தன்னை நேரில் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் மறுத்த கதையும் நமக்குத் தெரிந்ததுதான். பரிசில் சிறிது என்பது அவருடைய குறை அன்று. பார்க்காமல் அளந்துவிட்டான் என்பதே குறை.

'வரிசை' என்றே எழுதிவிடலாமா என்று ஆசை வந்தது. ஆனால் இன்றைக்கு வரிசை என்றால் ரேஷன் கடை, அல்லது கல்யாணத்துச் சீர். ஆசையை விட்டோம். ஆனால் கபிலரின் கேள்வி விடவில்லை. கபிலர் ஆளை அறியச் சொல்கிறார். இந்தக் கோப்போ ஆளைப் பார்க்காதே, நாற்காலியைப் பார் என்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரல்லவா?

தமிழ் மரபுக்குள்ளேயே இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்றில் இராசராசன் வெட்டுவித்த நீண்ட கல்வெட்டு அது. காலம் ஏறக்குறைய 1014. தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர்களும் அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர்கள் என்பதும் வீடு வீடாக அதில் வருகின்றன. ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு நூறு கலம் நெல். நட்டுவம் செய்வோருக்கு இரண்டு பங்கு. இப்படியே பாடுவோர், கருவி இசைப்போர், கணக்கர், தச்சர், தையற்காரர் என்று ஒவ்வொரு பணிக்கும் பங்கு சொல்லப்படுகிறது. பங்கு பெற்றவர் இறந்துபோனாலோ வேறிடம் போனாலோ, அவருடைய நெருங்கிய உறவினர் அந்தப் பணியைச் செய்து அந்த நெல்லைப் பெற வேண்டும். தமக்குத் தகுதியில்லை என்றால் தகுதியுடையவரை அமர்த்திப் பணி நடக்கச் செய்ய வேண்டும். ஆள் போனாலும் பணியும் பங்கும் நிற்கின்றன. நாற்காலியை எடைபோடுவது ஃபிலடெல்ஃபியாவில் மட்டும் பிறந்த யோசனை இல்லை என்று மாணவியிடம் சொன்னபோது, அதையும் தமிழ் வடிவத்தின் முன்னுரையில் சேர்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றோம். அரசன் தயவில் நடந்த கோயிலை இதற்கு முன்மாதிரியாகக் காட்டினால் வேறு கேள்விகள் எழும்.

*

மனிதநேய நிறுவனங்களின் ஏணியில் பழைய விரிசல் ஒன்று இருக்கிறது. உலக நாடுகளின் சங்கம் தொடங்கிய காலத்தில், 1921இல், நோபிள்மேர் என்ற பிரெஞ்சுக்காரர் தலைமையில் அமைந்த குழு ஒரு கொள்கையை வகுத்தது. எல்லா நாட்டவரும் பன்னாட்டுப் பணிக்கு வர வேண்டுமென்றால், எந்த நாட்டில் அரசுச் சம்பளம் மிக அதிகமோ அந்த நாட்டவரும் வரத்தக்க சம்பளம் தர வேண்டும் என்பது அது. பிறகு 1949இல் ஃப்ளெமிங் குழு, உள்ளூரில் அமர்த்தப்படும் அலுவலக ஊழியருக்கு அந்த ஊரில் நிலவும் சிறந்த சம்பளத்தை ஒட்டித் தந்தால் போதும் என்றது. இன்றும் ஐக்கிய நாடுகள் அமைப்பில் இரண்டு கொள்கைகளும் உயிரோடு இருக்கின்றன. பன்னாட்டு அலுவலருக்கு ஓர் ஏணி, உள்ளூர் ஊழியருக்கு ஓர் ஏணி, இடையில் 'தேசிய அலுவலர்' என்று மூன்றாவதாக ஒன்று. தொண்டு நிறுவனங்கள் பலவும் இதே வடிவத்தைத் தத்தம் அளவில் பின்பற்றிவந்திருக்கின்றன.

இதைக் கேட்டவுடன் கோபப்படுவது எளிது. நாமும் பட்டோம். மாணவி பொறுமையாக மறுபக்கத்தைச் சொன்னார். ஜெனீவாச் சம்பளத்தை நாகப்பட்டினத்தில் கொடுத்தால் என்ன ஆகும்? அரசு மருத்துவமனைச் செவிலியரும் பள்ளி ஆசிரியரும் வேலையை விட்டு நிவாரண முகாமுக்கு வந்துவிடுவார்கள். நிறுவனம் மூன்றாண்டில் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போகும். மருத்துவமனை காலியாகவே இருக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தச் சிக்கல் கண்முன்னே நடந்தது. உள்ளூர் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் வளர்த்த களப்பணியாளர்களைப் பெரிய நிறுவனங்கள் கூடுதல் சம்பளம் கொடுத்து இழுத்துக்கொண்டதைச் சுனாமி மதிப்பீட்டுக் கூட்டமைப்பு தன் ஆய்வுகளில் குறையாகவே எழுதியது.

ஆனால் மறுபக்கத்துக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. 2010இல் வெளியான ஆய்வொன்றில் இந்தியா, சீனா, மலாவி, உகாண்டா, பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள் ஆகிய ஆறு நாடுகளில் 1290 பேரைக் கேட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர், உள்ளூர்க்காரர் இருவரும் அதில் உண்டு. சம்பள இடைவெளி இவ்வளவு வரை இருக்கலாம் என்று உள்ளூர்க்காரர்கள் ஏற்றுக்கொண்ட எல்லையைத் தாண்டியே உண்மை இடைவெளி இருந்தது. அந்த அநீதி உணர்வு ஊக்கத்தைக் குறைத்தது, வேலையை விட்டுப் போகும் எண்ணத்தை வளர்த்தது என்று அந்த ஆய்வு கண்டது. உள்ளூர்க்காரர் இடைவெளியே கூடாது என்று சொல்லவில்லை. காரணம் சொல்ல முடியாத இடைவெளி கூடாது என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

ஒரே சீரான பணிநிலை முறை இந்த இடத்தில்தான் உதவுகிறது. எல்லோருக்கும் ஒரே சம்பளம் என்று அது சொல்வதில்லை. ஜூபாவில் இருந்தாலும் கிளிநொச்சியில் இருந்தாலும் இந்த வேலையின் எடை இதுதான் என்று முதலில் நிறுவுகிறது. ஊருக்கு ஊர் விலைவாசி வேறுபடுவதைப் பிறகு தனியாகக் கணக்கிடலாம். அப்படிப் பிரித்துவிட்டால், மிச்சமிருக்கும் வேறுபாட்டுக்கு யாராவது காரணம் சொல்லியாக வேண்டும். கடவுச்சீட்டின் நிறம் என்று எழுத்தில் சொல்ல யாரும் துணிவதில்லை.

*

இனி, நம்மை ஐந்து மாதம் பிடித்துவைத்த விஷயத்துக்கு வருவோம்.

கோப்பில் ஒவ்வொரு பணிக்கும் ஒரு விவரணை இருந்தது. அலுவலர் ஒருவருடையது நான்கு பக்கம். ஓட்டுநருடையது நான்கு வரி: வாகனத்தை ஓட்டுதல், வாகனத்தைப் பராமரித்தல், பயணக் குறிப்பேடு எழுதுதல், மேலதிகாரி இடும் பிற பணிகளைச் செய்தல்.

இரண்டையும் அருகருகே வைத்து மொழிபெயர்த்தபோது ஒன்றைக் கவனித்தோம். மேல்நிலைப் பணிகளின் விவரணை முழுவதும் ஒருங்கிணைத்தல், வழிநடத்துதல், உறுதிசெய்தல் என்றே போகிறது. கீழ்நிலைப் பணிகளில் ஓட்டுதல், சுமத்தல், துடைத்தல், அடுக்குதல். தொல்காப்பிய வினையியல் நடத்துகிறவர் கண்ணுக்கு இது தப்பாது. ஏணியின் அடியில் இருப்பதெல்லாம் தன்வினை. மேலே போகப் போகப் பிறவினை. செய்கிறவர் கீழே, செய்விக்கிறவர் மேலே. மாணவியிடம் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "ஆமாம்மா, அந்த வினைச்சொல்லுக்குத்தான் மார்க்கே. 'உதவுதல்'னு எழுதினா ஒரு மார்க், 'உறுதிசெய்தல்'னு எழுதினா வேற மார்க்" என்றார்.

அப்படியென்றால் தராசில் ஏறுவது நாற்காலிகூட இல்லை. நாற்காலியைப் பற்றி எழுதிய வாக்கியம்தான் ஏறுகிறது. ஆங்கிலத்தில் நான்கு பக்கம் எழுதத் தெரிந்தவர் நான்கு பக்க எடை பெறுகிறார். எழுதத் தெரியாதவருடைய வேலையை வேறு யாரோ நான்கு வரியில் எழுதிவிடுகிறார். எவ்வளவு நேர்மையான மதிப்பீட்டாளராக இருந்தாலும் நான்கு வரியில் இல்லாததற்கு மதிப்பெண் போட முடியாது.

ஓட்டுநர்களோடு பேச வேண்டும் என்று கேட்டோம். மூன்று பேர் ஒரு சனிக்கிழமை மாலை வந்தார்கள். உங்கள் வேலை என்ன என்று கேட்டதற்கு, மூத்தவர் "வண்டி ஓட்டறோம்மா, அவ்ளோதான்" என்றார். நான்கு வரிகூட இல்லை. கேள்வியை மாற்றினோம். போன டிசம்பர் வெள்ளத்தில் என்ன செய்தீர்கள், முதல் நாள் காலையில் சாவியைக் கையில் எடுத்ததிலிருந்து சொல்லுங்கள் என்றோம்.

2015 டிசம்பர் முதல் தேதியை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு கரை மீறி முடிச்சூரும் வரதராஜபுரமும் நீருக்குள் போயின. மூத்தவருக்கு வீடு முடிச்சூர்ப் பக்கம். தம் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது அவர் வண்டியை எடுத்திருக்கிறார். எந்தத் தெரு பள்ளம், எந்தத் தெரு மேடு, பழைய ஏரி வாய்க்கால் எந்த மனைகளுக்கு அடியில் போகிறது என்று அவருக்குத் தெரியும். வரைபடத்தில் சாலை என்று இருந்த இடத்தில் போக மாட்டேன் என்று வெளிநாட்டு அதிகாரியிடம் மறுத்திருக்கிறார். இருநூறு பொட்டலம் இருக்கும் இடத்தில் ஐந்நூறு பேர் கூடிவிட்டால் வண்டியை எப்படி நிறுத்த வேண்டும், யாரிடம் முதலில் பேச வேண்டும், எப்போது கொடுக்காமலே திரும்பிவிட வேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறார். அதிகாரி தெலுங்கும் அறியார், தமிழும் அறியார்; இரண்டு மொழியிலும் இவர்தான் வாய். பத்து நாளில் ஒரு நாளும் வண்டி சிக்கவில்லை, ஒரு கைகலப்பும் நடக்கவில்லை. நடக்காதவற்றுக்கு அறிக்கையில் இடமில்லை ஆதலால் இவை எங்கேயும் பதிவாகவில்லை.

அன்றிரவு எழுத உட்கார்ந்தோம். இடர்ப்பகுதியில் செல்லத்தக்க வழியைத் தெரிந்தெடுத்தல். பாதுகாப்பற்ற பயணத்தை மறுத்தல். கூட்டத்தின் போக்கை அறிந்து விநியோகத்தைத் தொடரவோ நிறுத்தவோ பரிந்துரைத்தல். மொழிபெயர்த்தல். ஒன்றரைப் பக்கம் வந்தது. ஒரு சொல்லும் நாம் கூட்டவில்லை. கபிலர் கேட்ட வரிசை அறிதலும் கோப்பு கேட்ட பொதுநோக்கும் எதிரெதிர் அல்ல என்று அப்போதுதான் விளங்கியது. ஆளைப் பார்த்து எடை போடக்கூடாது என்பது சரி. ஆனால் ஆளிடம் போய்க் கேட்காமல் அந்த வேலை என்ன என்று அறிய வழியில்லை. பெருஞ்சித்திரனாரின் கோபமும் அதுதான்.

*

இதையெல்லாம் எழுதும்போது நம் ஓய்வறை நினைவில் வராமல் இருக்குமா? இந்த மாணவிக்கு நாம் பாடம் நடத்திய ஆண்டுகளில், மணிக்கணக்கில் சம்பளம் பெறும் ஆசிரியராக இருந்தோம். பக்கத்து நாற்காலியில் நிரந்தரப் பணியிலிருந்த பேராசிரியர். அவர் சிலப்பதிகாரம் நடத்தினார், நாம் மணிமேகலை நடத்தினோம். பணி விவரணை என்று ஒன்றை யாராவது எழுதியிருந்தால் இருவருக்கும் ஒரே பக்கம்தான் வந்திருக்கும். ஓட்டுநருக்கு நேர்ந்தது, பெரிய வேலை சிறிய வாக்கியத்துக்குள் ஒளிந்துபோனது. நமக்கு நேர்ந்ததோ ஒரே வாக்கியத்துக்கு இரண்டு விலை.

பள்ளிகளில் இது இன்னும் வெளிப்படை. தமிழ்நாட்டில் 2009 மே 31 வரை நியமனம் பெற்ற இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8370 ரூபாய் என்று வைக்கப்பட்டது. மறுநாள், ஜூன் முதல் தேதியிலிருந்து நியமனம் பெற்றவருக்கு 5200. அதே வகுப்பு, அதே பிள்ளைகள், அதே சுண்ணக்கட்டி. ஒரு நாள் வேறுபாட்டுக்காக அந்த ஆசிரியர்கள் சென்னையில் எத்தனை முறை வெயிலில் உட்கார்ந்தார்கள் என்பதைச் செய்தித்தாள் படிப்பவர் அறிவர். நாம் இந்தக் கோப்போடு மன்றாடிக்கொண்டிருந்த அதே 2016இல், அக்டோபர் 26 அன்று, பஞ்சாப் அரசின் தற்காலிக ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம், சம வேலை செய்யும் தற்காலிக ஊழியருக்கும் சம ஊதிய உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த செய்தியை மாணவிதான் தொலைபேசியில் சொன்னார். 'உங்களை நினைச்சேம்மா' என்றார். வகுப்பில் நாம் ஒருநாளும் சொன்னதில்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது.

*

மார்கழியில் முடிவுகள் வந்தன. ஓட்டுநர் பணி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. நகருக்குள் ஓட்டுவோர் பழைய நிலையிலேயே நின்றார்கள். இடர்க்களத்தில் ஓட்டுவோருக்கு ஒரு நிலை உயர்ந்தது. மூத்தவர் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "அப்பவும் இதைத்தானே செஞ்சேன்" என்று மட்டும் சொன்னாராம். அலுவலகம் கூட்டும் அம்மாளின் பணிநிலை மாறவில்லை. அவரிடம் நாம் பேசியிருந்தால் மாறியிருக்குமோ என்ற கேள்வி இன்றும் உறுத்துகிறது. அவரை அழைக்க வேண்டும் என்று நமக்கே தோன்றவில்லை.

சிலருக்குக் குறைந்தது. சீரான ஏணி என்றால் அதுவும் உண்டு. குறைந்தவருக்குச் சம்பளம் வெட்டப்படாது. கூடுதலாக உள்ள தொகை தனி ஊதியமாக நிற்கும், உயர்வு மட்டும் சில ஆண்டுகளுக்கு வராது. அவர்களுக்கான கடிதத்தை 'தங்கள் பணியிடம் இந்நிலையில் வைக்கப்பட்டுள்ளது. இது தங்கள் திறமை குறித்த மதிப்பீடு அன்று' என்று நாம்தான் தமிழில் எழுதியிருந்தோம். மிகவும் கவனமாக எழுதிய வாக்கியம் என்று நினைத்திருந்தோம்.

அந்த வாரக் கடைசியில் மாணவி வந்தார். கோப்பு இல்லை. அவருடைய சொந்தப் பணியிடம் ஒரு நிலை இறங்கியிருந்தது. "உங்க வாக்கியம் எனக்கே வந்துருச்சும்மா" என்றார். அழுதாரா என்று கேட்காதீர்கள்.

விவரணையை வாங்கிப் பார்த்தோம். அரைப் பக்கம். கடைசி நாள் இரவு, மற்ற எல்லோருடையதும் அனுப்பிய பிறகு, தம்முடையதை அவரே பத்து நிமிடத்தில் எழுதியிருக்கிறார். பணியாளர் பதிவேடுகளைப் பராமரித்தல், உதவுதல், உதவுதல். மூன்று நாட்டுப் பணியாளர்களின் வேலைகளைத் தோண்டியெடுத்து எழுதச் செய்தவர், தம் வேலை என்ன என்று யாரும் கேட்காததால் சொல்லவில்லை. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருந்தது. தம் பிரிவே நடத்துகிற காரியத்தில் தாமே மேல்முறையீடு செய்வது முறையாகாது என்றார்.

"உட்காரும்மா" என்றோம். தாளை எடுத்துக்கொண்டோம். "நேத்துக் காலையில ஆபீஸுக்குள்ள நுழைஞ்சதிலிருந்து சொல்லு."

இரண்டேகால் பக்கம் வந்தது. மேல்முறையீடு ஏற்கப்படவில்லை. காலம் கடந்து வந்த விவரங்கள் என்று பதில் வந்தது. ஆனால் அந்தத் தாள்கள் கோப்பில் சேர்ந்துவிட்டன. 2018இல் அவர் வேறு நிறுவனத்துக்குப் போனார். காலியான இடத்துக்கு ஆளெடுக்கும்முன் பணியிடத்தை மறுபடி எடை போட்டிருக்கிறார்கள். கோப்பிலிருந்த அந்த இரண்டேகால் பக்கத்தை வைத்து. ஒரு நிலை உயர்ந்ததாம். புதிதாக வந்தவர், யாரென்றே தெரியாத ஒரு பெண், அந்தச் சம்பளத்தில் சேர்ந்தார்.

மாணவி இதைத் தாம்பரம் நிலையத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார். பின்னால் செங்கல்பட்டு வண்டிக்கான அறிவிப்பு கேட்டுக்கொண்டிருந்தது. "தஞ்சாவூர்க் கல்வெட்டு மாதிரியே ஆயிடுச்சும்மா. ஆள் போயாச்சு, பங்கு நின்னுடுச்சு" என்று சிரித்தார். வண்டி வருகிறது என்று வைத்துவிட்டார்.